அஞ்சறைப் பெட்டிக்குள் உலகம்
மளிகை வணிகர்கள் அறிய வேண்டிய விதை, வாசனைச் சரக்குப் பாடம்



கடையில் நிற்கும் வாடிக்கையாளர் இப்போது விலையை மட்டும் கேட்பதில்லை. "சியாவும் சப்ஜாவும் ஒன்றுதானா?", "இந்தப் பட்டை சிலோன் பட்டையா, சாதாப் பட்டையா?", "கசகசாவை துபாய்க்குக் கொடுத்து அனுப்பலாமா?" என்றெல்லாம் கேட்கிறார். பதில் தெரியாமல் விழித்தால், அடுத்த முறை அவர் பெரிய அங்காடிக்குப் போய்விடுகிறார், அல்லது செல்போனில் ஆர்டர் போட்டுவிடுகிறார். விலையில் அவர்களோடு போட்டி போடுவது சிறுகடைக்காரருக்குக் கடினம். சரக்கைத் தெரிந்து சொல்வதில் நாம் அவர்களை வெல்ல முடியும். அதற்கு உதவும் பாடமாக இக்கட்டுரை அமைகிறது.

மளிகைக் கடையில் இடம் குறைவாக அடைத்துக்கொண்டு பணத்தை அதிகமாக முடக்கும் சரக்கு, விதைகளும் வாசனைப் பொருட்களும்தான். ஒரு மூட்டை அரிசி கெட்டால் வரும் நஷ்டத்தை ஒரு டப்பா ஏலக்காய் கொண்டுவந்துவிடும். ஆகவே ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது, அடுப்பில் என்ன வேலை செய்கிறது, எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிக் காப்பது என்ற நான்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1. நம் தலைக்கு மேலே விளையும் ஏலக்காய்

கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லும் வாழையும் திராட்சையும் விளைகின்றன. ஆனால் இந்தப் பகுதியின் பெயரை வெளிநாடு வரை கொண்டுபோனது மேற்கே மலைமேல் விளையும் ஏலக்காய். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு சேர்ந்தன. தோட்டங்கள் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் போயின. வியாபாரம் போடிநாயக்கனூரிலேயே தங்கியது. போடி, தேவாரம், கம்பம், கூடலூர் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் இன்றும் அதிகாலையில் ஜீப் ஏறி போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகத் தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள்.

ஏலக்காய் இஞ்சிக் குடும்பத்துப் பயிர். காய் செடியின் அடியில் தரையோடு படர்ந்த சரத்தில் காய்க்கும். ஒரே தடவையில் அறுவடை முடியாது. பல சுற்றுகளாகப் பழுக்கும் தறுவாயில் பறித்து, அன்றன்றே உலர்த்துக் கூடத்தில் மிதமான சூட்டில் காய வைக்கிறார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ சரக்கு கிடைக்கும். வெயிலில் போட்டால் பச்சை நிறம் வெளுத்துவிடும்.

காய்ந்த சரக்கு நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம் பெற்ற ஏலதாரர்கள் மூலம் போடியிலும், இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் மின்னணு ஏலத்துக்கு வருகிறது. முன்பு வாய்மொழியாகக் கூவி நடந்த ஏலம் 2007 முதல் கணினிக்கு மாறியது. ஒவ்வொரு ஏலத்தின் உச்ச விலையையும் சராசரி விலையையும் வாரியம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. சில்லறை வியாபாரி இதைப் பார்த்துவிட்டு மொத்த வியாபாரியிடம் பேசுவது நல்லது. உச்ச விலை முதல்தரக் காய்க்கு உரியது. நமக்கு வரும் கலப்புக் காயைச் சராசரி விலையோடுதான் ஒப்பிட வேண்டும்.

உலகச் சந்தை நம் கடை விலையை எப்படி ஆட்டுகிறது என்பதற்கும் ஏலக்காயே சான்று. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு ஜெர்மானியக் காப்பித் தோட்டக்காரர் ஒருவர் மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலாவில் ஏலக்காயை நட்டார். அந்நாட்டு மக்கள் அதைச் சமையலில் அதிகம் சேர்ப்பதில்லை. ஆகவே விளைந்தது ஏறத்தாழ முழுவதும் ஏற்றுமதிக்குப் போனது. 1980 வாக்கில் அந்நாடு ஏற்றுமதியில் நம்மை முந்திவிட்டது. அரபு நாடுகளின் பெரும் தேவையைக் குவாத்தமாலா சரக்கு நிரப்புகிறது. அங்கே விளைச்சல் பெருகினால் போடியில் விலை இறங்கும். அங்கே அடி விழுந்தால் இங்கே ஏறும்.

2018 ஆகஸ்டில் கேரளப் பெருவெள்ளமும் நிலச்சரிவும் தோட்டங்களைச் சிதைத்தன. அடுத்த ஆண்டு மழை தாமதித்தது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையில் வாங்கி மேலும் ஏறும் என்று காத்திருந்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். சில்லறைக் கடைக்காரர் மூன்று, நான்கு வாரத் தேவைக்கு மேல் ஏலக்காயை வைத்திருப்பது வியாபாரம் ஆகாது, சூதாட்டம் ஆகும்.

தரம் பார்க்கும் முறை: போடிச் சந்தையில் காய் மில்லிமீட்டர் சல்லடையில் பிரிக்கப்படுகிறது. 8 மி.மீட்டருக்கு மேற்பட்டது முதல் ரகம். அடுத்தது 7 முதல் 8, பிறகு 6 முதல் 7. அதற்குக் கீழே சிறுகாய், வெடித்த காய் என்று இறங்கும். பருமனோடு லிட்டர் எடையும் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் படியில் அளந்து நிறுத்தால் நல்ல முற்றிய காய் 400 கிராமுக்கு மேல் நிற்கும். பார்வைக்குப் பெரிதாக இருந்து எடை குறைந்தால் உள்ளே அரிசி பிடிக்கவில்லை என்று பொருள். மணம் தோலில் இல்லை, உள்ளே இருக்கும் கருநிற விதையில்தான் இருக்கிறது. காயைப் பிளந்தால் விதை கறுத்து, லேசான பிசுபிசுப்போடு இருக்க வேண்டும். வெளுத்தோ சிவந்தோ இருந்தால் இளங்காய். ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்து பச்சை ஒட்டினால் சாயம் போட்ட சரக்கு, தொடவே வேண்டாம்.

யாருக்கு எது: பலகாரம், பாயசம், அன்பளிப்புப் பொட்டலம் ஆகியவற்றுக்குப் பருங்காய். வீட்டுச் சமையலுக்கு நடுத்தரம். டீக்கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் சிறுகாய், வெடித்த காய் போதும். வாசனை குறையாது, அடக்கம் குறையும். ஒரே டப்பாவில் கலந்து போட்டு ஒரே விலைக்கு விற்பதைவிட இப்படிப் பிரித்து விற்பதில் வாடிக்கையாளருக்கும் லாபம், நமக்கும் லாபம்.

காய்வுக் கணக்கு: உதாரணத்துக்குக் கிலோ 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூடி சரியாக இல்லாத டப்பாவில் இரண்டு சதவீதம் எடை குறைந்தால் கிலோவுக்கு 50 ரூபாய் காற்றோடு போய்விடுகிறது. பத்துப் பத்து கிராமாக நிறுக்கும்போது தராசில் போகும் அரை கிராமும் இப்படித்தான். ஏலக்காய்க்கு மின்னணுத் தராசும் இறுக்கமான மூடியும் செலவு என்று எண்ணக் கூடாது.

2. விதைச் சரக்குகள்: பெயரில் வரும் குழப்பம்

சீரகம், சோம்பு, மல்லி, வெந்தயம், கடுகு ஆகிய ஐந்தும் தினசரி ஓடும் சரக்குகள். இவற்றில் முதலில் வருவது பெயர்க் குழப்பம்.

சோம்பைச் சிலர் பெருஞ்சீரகம் என்பர். இரண்டும் ஒன்றே. இலங்கைத் தமிழர் வீடுகளில் பெருஞ்சீரகம் என்றால் சோம்பு, நற்சீரகம் என்றால் நம் சீரகம். பட்டையைக் கறுவா என்பர். மலையிலிருந்து இறங்கி வந்து நம்மிடம் சரக்கு எடுக்கும் கேரள வாடிக்கையாளர் உலுவா என்றால் வெந்தயம், தக்கோலம் என்றால் அன்னாசிப்பூ. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியில் கடை வைத்திருப்போர் இந்தப் பெயர்களைக் கடைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

இந்தியில் காலா ஜீரா என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'கருஞ்சீரகம்' என்று கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பிரியாணிக்குக் கேட்கப்படும் ஷாஜீரா மெலிந்து, வளைந்து, பழுப்பாக இருக்கும். நம் கருஞ்சீரகம் நன்கு கறுத்து, மூலை மூலையாக, தேய்த்தால் வெங்காய வாடையோடு இருக்கும். இரண்டும் வேறு வேறு செடிகள். மாற்றிக் கொடுத்தால் பிரியாணி கசக்கும், பேச்சு நமக்கு வரும். அதே போல மேல்நாட்டுச் சமையல் குறிப்புகளில் வரும் 'அனீஸ்' விதையும் நம் சோம்பும் ஒன்றல்ல. வாசனை நெருங்கியது, அனீஸ் பொடியாக இருக்கும்.

சீரகம்: உலகச் சீரகத்தில் பெரும்பங்கு நம் நாட்டில், குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிறது. குஜராத்தின் உஞ்சா சந்தைதான் விலை சொல்லும் இடம். சிரியா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், சீனாவிலும் விளைகிறது. குளிர்காலப் பயிர், பிப்ரவரி முதல் புதுச் சரக்கு வரத் தொடங்கும். 2023இல் உஞ்சாவில் மொத்த விலை கிலோ 600 ரூபாயைத் தாண்டியது. விலையைப் பார்த்து விவசாயிகள் அடுத்த பருவத்தில் அதிகம் விதைத்தார்கள். 2024 வசந்தத்தில் விலை பாதிக்கும் கீழே வந்தது. உச்சத்தில் மூட்டை அடுக்கியவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்காலப் பயிர்கள் எல்லாவற்றுக்கும் விதி ஒன்றுதான்: புதுச் சரக்கு வருமுன் கையிருப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மல்லி: ராஜஸ்தானின் ராம்கஞ்ச் மண்டியும் மத்தியப் பிரதேசத்தின் குணா பகுதியும் பெரிய சந்தைகள். நம் மாநிலத்தில் விருதுநகர், தூத்துக்குடி மாவட்டக் கரிசல் காட்டில் மானாவாரியாக விளைகிறது. பச்சை நிறத்துக்கே விலை அதிகம். ஆனால் குழம்புப் பொடிக்கு நிறத்தைவிட வாசனை முக்கியம். இரண்டு விதையை விரலால் நசுக்கி முகர்ந்து பார்த்து வாங்க வேண்டும். மல்லியில் வண்டு விழுவது சீக்கிரம். மூட்டை அடியில் தூசு போல மாவு உதிர்ந்தால் வண்டு வந்துவிட்டது என்று அறிக.

வெந்தயம்: ராஜஸ்தான், குஜராத் சரக்கு. வட இந்தியச் சமையலில் கசூரி மேத்தி என்று கேட்கப்படும் காய்ந்த இலையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். வாசனை மிக்க தனி ரகம். பாகிஸ்தானில் உள்ள கசூர் என்ற ஊரின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. இப்போது ராஜஸ்தானின் நாகௌர் பகுதியிலிருந்து வருகிறது. எத்தியோப்பியர்களும் தங்கள் காரப்பொடியில் வெந்தயம் சேர்ப்பார்கள்.

கடுகு: உலக ஏற்றுமதியில் கனடா முன்னணி. மேல்நாட்டில் கடுகை அரைத்து வினிகர் கலந்து விழுதாக்குகிறார்கள். வங்காளத்தில் அதே விழுது காசுந்தி எனப்படும். நாம் மட்டும் எண்ணெயில் பொரிய விடுகிறோம். கடுகில் கலக்கும் பிரம்மதண்டு விதை உயிருக்கே ஆபத்து. 1998இல் டில்லியில் கடுகு எண்ணெயில் இந்த விதையின் எண்ணெய் கலந்ததால் 60 பேருக்கு மேல் இறந்தனர், ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். நல்ல கடுகு வழவழப்பாக இருக்கும், உடைத்தால் உள்ளே மஞ்சள். பிரம்மதண்டு விதை சொரசொரப்பாக இருக்கும், உள்ளே வெள்ளை. கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

3. கடல் கடந்து வருபவை

பட்டை: இலங்கையில் விளையும் மெல்லிய சுருள் பட்டை வேறு, சீனா, வியட்நாம், இந்தோனேசியாவிலிருந்து வரும் தடித்த பட்டை வேறு. சுருள் பட்டை காகிதம் போல் பல அடுக்காகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுங்கும், இனிப்பு வாசனை. தடிப்பட்டை ஒற்றை அடுக்கு, உடைக்கக் கடினம், காரம் அதிகம். இரண்டுக்கும் உணவுச் சட்டத்தில் தனித்தனி இலக்கணம் உண்டு. ஒன்றை மற்றொன்றின் பெயரில் விற்பது குற்றம். தடிப்பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம். நாள்தோறும் நிறையச் சாப்பிட்டால் கல்லீரலுக்கு ஆகாது. பிரியாணிக்கு ஒரு துண்டு போடுவதில் பயமில்லை. சர்க்கரை நோய்க்கென்று தினமும் பட்டைப் பொடி சாப்பிடுவோர் கேட்டால் சுருள் பட்டையைக் காட்டுங்கள், மருத்துவரையும் கேட்கச் சொல்லுங்கள்.

கிராம்பு: பிறந்த இடம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். அந்நாடு தன் விளைச்சலில் பெரும்பகுதியைக் கிராம்புச் சிகரெட்டுக்கே செலவழித்துவிடுகிறது. நமக்கு மடகாஸ்கர், சான்சிபார், கொமோரோஸ், இலங்கைச் சரக்கு வருகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. எண்ணெய் வடித்த கிராம்பு சுருங்கி வெளுத்திருக்கும். நகத்தால் காம்பை அழுத்தினால் ஈரக்கசிவு தெரிய வேண்டும்.

ஜாதிக்காய், ஜாதிபத்திரி: ஒரே பழத்தின் கொட்டையும் அதன் மேல் சுற்றிய சிவப்பு உறையும். ஒரு காலத்தில் உலகத்தில் பண்டா தீவுகளில் மட்டும் கிடைத்தது. இதற்காக டச்சுக்காரர்கள் 1621இல் அத்தீவு மக்களைக் கொன்று குவித்தார்கள். 1667 உடன்படிக்கையில் ஆங்கிலேயர் ரன் என்ற ஜாதிக்காய்த் தீவை டச்சுக்காரருக்கு விட்டுக்கொடுத்தார்கள். டச்சுக்காரரிடமிருந்து பிடித்திருந்த, இன்றைய நியூயார்க் ஆன மன்ஹாட்டன், ஆங்கிலேயரிடமே நின்றது. நம் கண்ணாடிப் போத்தலில் கிடக்கும் கொட்டைக்கு அத்தனை மதிப்பு இருந்தது. முழுக் கொட்டையாக விற்பதே நல்லது. அரைத்து வைத்தால் வாசனை சீக்கிரம் போகும். ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்லி விற்க வேண்டும்.

அன்னாசிப்பூ: சீனாவும் வியட்நாமும் தருகின்றன. இதே உருவத்தில் ஜப்பானிய இனம் ஒன்று உண்டு, அது நஞ்சு. இதழ் சிறுத்து, முனை வளைந்த கொக்கியாக, சோம்பு வாசனை இல்லாமல் இருந்தால் வாங்கக் கூடாது.

கசகசா: நம் நாட்டில் அரசு உரிமத்தோடு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் மட்டுமே விளைவிக்கிறார்கள். பற்றாக்குறைக்குத் துருக்கியிலிருந்து இறக்குமதி. இது அபினிச் செடியின் விதை. விதையில் போதை இல்லை என்றாலும் ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா முதலிய நாடுகளில் இதற்குத் தடை உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு மசாலா கட்டிக் கொடுக்க வரும் தாய்க்கு இதைச் சொல்லாமல் விற்றால், அந்தப் பிள்ளை விமான நிலையத்தில் சிறைக்குப் போக நேரிடும். கசகசா கலந்த மசாலாப் பொடிக்கும் இதே எச்சரிக்கை. 'ஊருக்கு அனுப்பவா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்துக் கொடுங்கள்.

பெருங்காயம்: ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் விளையும் செடியின் வேரிலிருந்து வடியும் பால். அதிகம் உண்பது நாம், ஆனால் நெடுங்காலம் நம் நாட்டில் பயிரே இல்லை. 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்தின் லாகுல் பள்ளத்தாக்கில் பாலம்பூர் ஆய்வு நிறுவனம் நட்டுத் தொடங்கியது. நாம் விற்பது பெரும்பாலும் மாவும் கோந்தும் சேர்த்த கூட்டுப் பெருங்காயம். கோதுமை மாவு ஆகாத நோயாளிகள் இப்போது கேட்டு வாங்குகிறார்கள். உறையில் என்ன மாவு என்று படித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

4. புதிதாக வந்த விதைகள்

சப்ஜா நமக்குப் பழைய சரக்கு, திருநீற்றுப் பச்சிலை இனத்து விதை. ஜிகர்தண்டாவிலும் பலூடாவிலும் போடுவது. சியா மெக்சிகோ, குவாத்தமாலா நாடுகளில் தோன்றியது. மைசூரு உணவு ஆய்வு நிறுவனத்தின் முயற்சியால் கர்நாடகத்திலும் பயிராகிறது. சப்ஜா ஒரே கறுப்பு, தண்ணீரில் போட்ட சில நிமிடத்தில் ஊதி நிற்கும். சியா சாம்பலும் கறுப்பும் வெள்ளையும் கலந்த புள்ளியாக, வழவழப்பாக இருக்கும், ஊற அரை மணி வரை பிடிக்கும். இரண்டையும் உலர்ந்தபடி விழுங்கக் கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஊற வைத்துச் சாப்பிடச் சொல்லி விற்க வேண்டும்.

ஆளி விதையை முழுதாகச் சாப்பிட்டால் பெரும்பாலும் செரிக்காமல் போகும். லேசாக வறுத்துப் பொடிக்க வேண்டும். பொடித்தால் சில நாளில் சிக்கு வாடை வந்துவிடும். ஆகவே சிறு பொட்டலமாக வாங்கச் சொல்லுங்கள். பூசணி, சூரியகாந்தி விதைகளும் எண்ணெய் விதைகளே. கோடையில் தகரக் கொட்டகையில் வைத்தால் சிக்குப் பிடிக்கும். ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம்.

5. அடுப்பில் என்ன நடக்கிறது

விதைகளின் வாசனை எண்ணெயில் கரையும் தன்மையுடையது. அதனால்தான் நாம் தாளிக்கிறோம். எண்ணெய் காய்ந்ததும் முதலில் கடுகு, அது வெடித்த பின் உளுந்து, சீரகம். வெந்தயம் கருகினால் கசக்கும், சிவக்குமுன் அடுத்ததைப் போட வேண்டும். பெருங்காயப் பொடி கடைசி. பட்டை, கிராம்பு, ஏலம் மட்டும் மிதமான சூட்டில் மெதுவாக வெளிவரும்.

வறுத்து அரைக்கும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும். மல்லி சிவக்கும் நேரத்தில் சீரகம் கருகிவிடும், கசகசா அதற்கும் முன்பே. கசகசாவை வெந்நீரில் இருபது நிமிடம் ஊற வைத்தால் நன்றாக மசியும். இந்த யோசனைகள் சாதாரணமாகத் தோன்றலாம். புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண்ணுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும் கடைக்காரர் ஒரு குடும்பத்தையே வாடிக்கையாகப் பெறுகிறார்.

நம்மிடம் இருக்கும் சரக்கிலேயே பிற ஊர் ருசிகளுக்கு வழி உண்டு. சில எடுத்துக்காட்டுகள்:

வங்காளத்து ஐந்து விதை: வெந்தயம், கருஞ்சீரகம், சீரகம், சோம்பு, கடுகு ஆகியவை சம அளவு. வெந்தயம் மட்டும் பாதியாகக் குறைக்கலாம். அரைக்காமல் முழுதாகத் தாளித்து உருளைக்கிழங்கு, பூசணிப் பொரியலுக்கு.

மலேசியத் தாளிப்பு: பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ. மலாய்க்காரர்கள் இவற்றை 'நான்கு உடன்பிறப்புகள்' என்பர். பட்டை ஒன்று, பூ ஒன்று, ஏலம் மூன்று, கிராம்பு நான்கு. நம் பிரியாணித் தாளிப்புக்கு நெருங்கிய உறவு.

எகிப்தியப் பொடி: எள், மல்லி, சீரகம், உப்பு, ஒரு வகைக் கொட்டைப் பருப்பு. நம் ஊரில் வறுத்த நிலக்கடலை போதும். கொரகொரப்பாக இடித்து, ரொட்டியை எண்ணெயில் தோய்த்து இதைத் தொட்டுக்கொள்வர். நம் இட்லிப் பொடி போன்றதே.

அரபுக் காப்பி: இளவறுப்பான காப்பித் தூளில் இடித்த ஏலக்காயைத் தாராளமாகச் சேர்த்துக் கொதிக்க வைப்பது. சர்க்கரை இல்லை, பேரீச்சம்பழம் கடித்துக்கொள்வர். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் ஏலக்காயை இனிப்பு ரொட்டி மாவில் பிசைகிறார்கள். போடிக் காய்க்கு எத்தனை வீடு என்று பாருங்கள்.

இவற்றைத் தனித்தனிப் பொட்டலமாக ஒரே பையில் போட்டு, உபயோகிக்கும் முறையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி விற்கலாம். கலந்து, மூடி, நம் பெயரில் விற்பதானால் உரிமமும், பெயர், சேர்மானம், எடை, தேதி, விலை முதலியன அச்சிட்ட உறையும் அவசியம்.

6. காப்பு முறை

கம்பம் பள்ளத்தாக்கில் தென்மேற்குச் சாரலும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஆகவே ஜூன் முதல் நவம்பர் வரை ஈரம்தான் எதிரி. மூட்டையைத் தரையில் வைக்காமல் மரச் சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். முன்னே வந்தது முன்னே போக, மூட்டையில் தேதி எழுதி ஒட்டுவது நல்லது. சோப்பு, ஊதுபத்தி, கற்பூரம், கொசுவர்த்தி அருகே ஏலம், சீரகம் வேண்டாம், வாசனையை இழுத்துக்கொள்ளும். அழகுக்காகக் கண்ணாடிப் போத்தலில் வெயில் படும் இடத்தில் வைத்த ஏலக்காய் வெளுத்துப்போகும். அங்கே காட்சிக்கு ஐம்பது கிராம் மட்டும் வைத்து, இருப்பை இருட்டில் வைக்கவும். வண்டு வந்த மூட்டையை உடனே தனியே எடுத்துவிட வேண்டும். வண்டு மருந்தைச் சரக்கருகே தெளிக்கவே கூடாது.

7. சட்டமும் பில்லும்

இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம்.

2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்துக்கு வாங்கிய ஏலக்காயில் அளவு மீறிய பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக ஆய்வறிக்கை வந்தது. கேரள உயர்நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 6 லட்சத்துக்கு மேற்பட்ட டின்கள் தேங்கின. 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆயினும் ஓராண்டு கடந்த பாயசத்தை யார் சாப்பிடுவார்? 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகக் கூறி இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றைத் திரும்பப் பெறச் செய்தன. பெரிய இடத்துக்கே இப்படி என்றால், சிறுகடையில் மாதிரி எடுத்தால் என்ன ஆகும்?

தவறு தோட்டத்திலோ ஆலையிலோ நடந்திருக்கும். சரக்கு நம் கல்லாவில் பிடிபட்டால் முதல் நோட்டீஸ் நமக்கு. 'நான் வாங்கியதை விற்றேன்' என்று வாயால் சொன்னால் போதாது, யாரிடம் வாங்கினோம் என்று காட்ட வேண்டும். அதைக் காட்ட முடியாதபோது விற்றவரே பொறுப்பு என்கிறது 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். ஆகவே:

அ) துண்டுச் சீட்டில் சரக்கு எடுக்கக் கூடாது. விற்பவரின் உரிம எண்ணும் 'இ' படிவ உத்தரவாத வாசகமும் உள்ள பில் வாங்கி, தேதிவாரியாகக் கோத்து வைக்க வேண்டும். கிலோவுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்கினால் ஆபத்து முழுவதும் நம் தலையில்.

ஆ) மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி, மஞ்சள் பொடி முதலியவற்றைச் சில்லறையாக அள்ளி நிறுத்து விற்கக் கூடாது. பொடி என்றால் மூடிய உறையில்தான். முழு விதைகளைச் சில்லறையாக விற்கலாம்.

இ) அதிகாரி மாதிரி எடுத்தால் அது நான்கு பாகமாகப் பிரிக்கப்படும். ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கடைக்காரர் கேட்கலாம். அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டு நாளைக் கடத்துவதால்தான் பலர் இந்த உரிமையை இழக்கிறார்கள்.

8. கடையிலேயே செய்யும் சோதனைகள்

மிளகு: ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போடவும். முற்றிய மிளகு அமிழும். பப்பாளி விதையும் பொக்கு மிளகும் மிதக்கும். மிதப்பதை எடுத்து உலர்த்திப் பார்த்தால், பப்பாளி விதை முட்டை வடிவில் சுருங்கி, காரமின்றி இருக்கும்.

சீரகம்: உள்ளங்கையில் அழுத்தித் தேய்க்கவும். கை கறுத்தால் கரித்தூள் ஏற்றிய புல்விதை.

கிராம்பு: தண்ணீரில் போட்டால் எண்ணெய் உள்ளது அமிழும், வடித்தது மிதக்கும்.

கடுகு: உருப்பெருக்கிக் கண்ணாடியில் சொரசொரப்பு விதை இருக்கிறதா என்று பார்க்கவும்.

பட்டை: விரலால் நொறுங்குகிறதா, எத்தனை அடுக்கு என்று பார்க்கவும்.

ஏலக்காய்: ஈரத் துணியில் சாயம், லிட்டர் படியில் எடை, பிளந்து விதையின் நிறம்.

இவற்றுக்கு வேண்டியது ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு வெள்ளைத் துணி, ஒரு உருப்பெருக்கி. சரக்கு இறக்கும் தினத்திலேயே, லாரிக்காரர் போவதற்கு முன் செய்துவிட வேண்டும். மூட்டையின் வாயில் மட்டும் பார்க்காமல் அடியிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்க்கவும். சரக்கு சரியில்லை என்றால் அன்றே எழுத்தில் தெரிவித்துத் திருப்பினால்தான் கணக்கு நிற்கும். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

வணிக நண்பர்களே, மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கு மற்ற ஊர்க் கடைக்காரர்களுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு இருக்கிறது. உலகம் தேடி வரும் ஏலக்காய் நம் ஊரில்தான் விலை பேசப்படுகிறது. அந்த ஊர்க் கடையில் வாங்கிய சரக்கு என்ற நம்பிக்கையை ஒரு பொட்டலத்தில் கெடுத்துவிட்டால், அதைப் பத்து வருடத்திலும் மீட்க முடியாது. அடுத்த முறை சரக்கு எடுக்கப் போகும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் ஓய்வு நேரத்தில் ஒவ்வொரு சரக்காகக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். தெரிந்து வாங்குவோம், சொல்லி விற்போம்.